மலைநாட்டுக் குளிரும் ஏழையின் கூரையும்

மார்கழியும் தையும் நீலகிரியில் உறைபனிக் காலம். அக்காலத்தில் உதகமண்டலத்தில் உள்ள அரசினர் தாவரவியற் பூங்காவிற்கு மாலை வேளையிற் செல்வோர் ஒரு காட்சியைக் காணலாம். பூங்கா ஊழியர்கள் மிலார் என்னும் செடியின் தழைகளைக் கட்டுக் கட்டாகக் கொணர்ந்து, மென்மையான மலர்ச் செடிகளின் மீது வரிசையாகச் சாத்தி மூடுகின்றனர். காலையில் புல்வெளியெங்கும் உப்பைக் கொட்டினாற்போல் வெண்பனி படர்ந்து கிடக்கும். மூடாத செடிகள் கருகி நிற்கும். மூடிய செடிகளோ பிழைத்திருக்கும். 1848-ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்ட அப்பூங்காவில் மலருக்கு இத்தகைய பராமரிப்பு நடைபெறுவது குறித்து நாம் மகிழ்ச்சியே அடைகிறோம். ஆனால் அதே இரவில், அப்பூங்காவிற்குச் சில மைல் தூரத்துக்குள்ளாகவே, தகரக் கூரையின் கீழ், ஈரத் தரையின் மேல், கிழிந்த கம்பளி ஒன்றை நால்வர் பங்கிட்டுக்கொண்டு உறங்க முயலும் குடும்பங்கள் இருக்கின்றன. செடிக்குப் போர்வை உண்டு. மனிதனுக்கு அது போதிய அளவில் இல்லை. இந்த நிலைமையைப் பற்றியே இன்று நாம் நேயர்களோடு சிறிது ஆலோசிக்க விரும்புகிறோம்.

தமிழ்நாடு வெப்ப நாடு என்பது பொது அபிப்பிராயம். சென்னையிலும் மதுரையிலும் வசிப்போருக்குக் குளிர் என்பது அதிகாலையில் ஒரு துண்டைத் தலையிற் சுற்றிக்கொள்வதோடு தீர்ந்துவிடும் விஷயம். உதகையோ கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வடகிழக்குப் பருவ மழை ஓய்ந்து, வானம் மேகமின்றித் தெளிந்து, காற்றும் அடங்கிய இரவுகளில், பகலிற் பூமி வாங்கிய உஷ்ணம் தடையின்றி வான்வெளிக்குச் சென்றுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. ஆகையால் அது சரிவுகளில் இறங்கிப் பள்ளங்களிற் போய்த் தேங்குகிறது. தலைகுந்தா, காந்தல் முதலிய இடங்களில் உறைபனி கடுமையாகக் காண்பதன் காரணம் இதுவே. அங்கெல்லாம் வெப்பமானி பூஜ்ய டிகிரியை நெருங்குவதும், சில நாட்களில் அதற்குக் கீழே இறங்குவதும் உண்டு.

“மலை ஜனங்களுக்குக் குளிர் பழக்கமானதுதானே?” என்று சமவெளியிலுள்ள சிலர் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். இக்கூற்றை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. பழக்கத்தால் மனம் குளிரைப் பொறுத்துக்கொள்ளலாம்; இரத்தக் குழாய்களும் நுரையீரலும் அவ்வாறு பொறுத்துக்கொள்வதில்லை. குளிரிற் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இரத்த அழுத்தம் உயர்கிறது. இருதயத்தின் வேலை அதிகரிக்கிறது. மார்புச் சளியும் இளைப்பும் முற்றுகின்றன. பச்சைச் சிசுக்களும் விருத்தர்களுமே இதனால் முதலிற் பாதிக்கப்படுகின்றனர். உலக சுகாதார ஸ்தாபனம் 2018-ஆம் ஆண்டில் வெளியிட்ட வீட்டு வசதி விதிகளில், குளிர் காலத்தில் வீட்டின் உட்புறம் 18 டிகிரிக்குக் குறையாமல் இருத்தல் நலம் என்று கூறியுள்ளது. நமது லயன் வீடுகளில் நள்ளிரவில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டுப் பார்த்தால், அந்த விதிக்கும் நம் நிலைமைக்கும் உள்ள தூரம் எவருக்கும் விளங்கும்.

குளிரை வெல்வதற்கு ஏழை மனிதன் முதலில் நாடுவது நெருப்பை. விறகு கிடைத்த மட்டும் எரிக்கிறான். கவாத்துச் செய்த தேயிலைக் குச்சிகளைப் பொறுக்கி எரிக்கிறான். விறகு தீர்ந்தால் தணலைச் சட்டியில் வாரி உறங்கும் அறைக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, காற்று நுழையாதபடி கதவையும் ஜன்னலையும் அடைத்துவிடுகிறான். இவ்வழக்கத்தைப் பற்றி நாம் மிகக் கண்டிப்பாக எச்சரிக்கை செய்ய வேண்டியிருக்கிறது. மூடிய அறையில் வைக்கும் கணப்புச் சட்டி, உயிரைக் குடிக்கும் சட்டி.

அதன் காரணத்தை யாவரும் அறிந்திருத்தல் அவசியம். கரி எரிவதற்குப் போதிய பிராணவாயு கிடைக்காதபோது கார்பன் மொனாக்ஸைடு என்னும் விஷ வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணைக் கரிக்கச் செய்யும் குணமுமில்லை. இரத்தத்திலுள்ள செந்நிறப் பொருள் பிராணவாயுவைப் பற்றிக்கொள்வதைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலுவாக இந்த விஷ வாயுவைப் பற்றிக்கொள்கிறது. ஆகையால் சுவாசம் நடந்துகொண்டேயிருக்க, உடம்புக்குப் பிராணவாயு கிடைக்காமற் போகிறது. முதலில் தலைவலி, பிறகு மயக்கம், குமட்டல், தூக்கம். தூக்கத்தில் இருப்பவனோ இவற்றில் ஒன்றையும் உணர்வதில்லை. புகை அடங்கிச் செக்கச் செவேலென்று கனன்றுகொண்டிருக்கும் தணலை அபாயமற்றது என்று பலர் எண்ணுகின்றனர். புகைக்கும் விறகு, மனிதனை இருமச் செய்து வெளியேயாவது துரத்தும். புகையாத தணலோ அவனைத் தாலாட்டிக் கொல்லும். மலைக்கு உல்லாசமாக வந்து, இறைச்சி வாட்டிய அடுப்பைக் கூடாரத்துக்குள்ளோ விடுதி அறைக்குள்ளோ எடுத்துச் சென்று உறங்கியவர்கள் விடியற்காலையிற் பிணமாகக் கிடந்த செய்திகளைப் பத்திரிகைகளில் நாம் பல முறை வாசித்திருக்கிறோம். கற்றவரும் மற்றவரும் ஒன்றுபோல் அறியாதிருக்கும் விஷயம் இது.

நெருப்பு வேண்டாமெனில் மின்சாரக் கணப்பு உண்டே என்று கேட்கலாம். கணக்குப் பார்ப்போம். தமிழக அரசினர் 2016-ஆம் ஆண்டில், வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் கட்டணமின்றி வழங்க ஏற்பாடு செய்தனர். ஒரு கிலோவாட் சக்தியுள்ள கணப்பு ஒரு மணி நேரத்தில் ஒரு யூனிட்டை விழுங்கும். இரவில் நான்கு மணி நேரம் மட்டும் வைத்துக்கொண்டாலும், அந்த 100 யூனிட்டும் 25 இரவுகளிற் தீர்ந்துவிடும். விளக்குக்கும் பிறவற்றுக்கும் ஒன்றும் மிஞ்சாது. மேலும், கூரையிலும் கதவிடுக்கிலும் உஷ்ணம் ஓடிவிடும் வீட்டில் கணப்பு வைப்பது, ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதற்கு ஒப்பாகும். வார்க்க வார்க்கப் பணம் செல்லும், குடம் நிறையாது.

ஆகையால் நாம் வற்புறுத்த விரும்புவது ஒன்றே. குளிரை வெல்லும் வழி உஷ்ணத்தை உண்டாக்குவதிலன்று, இருக்கும் உஷ்ணத்தை இழக்காமற் காப்பதில் இருக்கிறது. பூங்காவின் மலர்ச் செடிகளுக்கு எவரும் நெருப்பு மூட்டுவதில்லை. மண் பகலிற் பெற்ற சிறிது சூட்டைத் தழைப் போர்வை வெளியே விடாமற் பிடித்து வைக்கிறது; அவ்வளவே. மனித தேகமோ மண்ணைப்போன்றதன்று. அது தானே ஓர் அடுப்பு. சும்மா படுத்திருக்கும் ஒரு வளர்ந்த மனிதனின் உடம்பு, பழைய காலத்து நூறு வாட் மின்சார விளக்கு ஒன்று வெளியிடுவதற்கு ஏறக்குறைய நிகரான உஷ்ணத்தை இடைவிடாமல் வெளியிட்டுக்கொண்டிருக்கிறது. அந்த உஷ்ணத்தைக் கூரை வழியாகவும் தரை வழியாகவும் ஓடவிட்டுவிட்டு, வெளியிலிருந்து விறகை விலைக்கு வாங்குகிறோம்.

இவ்விஷயத்திற் குறைந்த செலவில் செய்யக்கூடியவை எவை என்பதைச் சிறிது விவரமாகக் கூறுவோம். முதலாவது கூரை. சூடான காற்று மேலே ஏறும் இயல்புடையது. ஆகையால் வீட்டின் உஷ்ணத்திற் பெரும்பகுதி கூரை வழியாகவே செல்கிறது. தகரத் தகடோ தெளிந்த இரவில் வெளிக் காற்றைவிடவும் அதிகமாகக் குளிர்ந்துவிடும். உறங்குவோர் விடும் மூச்சின் ஈரம் அதிற் பட்டுத் துளி துளியாகச் சொட்டும். தகரத்துக்குக் கீழே ஒரு முழ இடைவெளி விட்டு மூங்கிற் பிளாச்சு கட்டி, அதன்மேற் சாக்கையோ பாயையோ பரப்பினாற் போதும். இடையில் அடைபட்ட காற்றே நல்ல போர்வையாகிவிடும். அடுப்பெரியும் இடத்துக்கு நேர் மேலே மட்டும் இவ்வாறு செய்யலாகாது. தீப்பொறி பறந்தால் வீடே பற்றிக்கொள்ளும்.

இரண்டாவது தரை. மேலே இரண்டு கம்பளி போர்த்தியவனும், கீழே ஒன்றுமில்லாவிடில் நடுங்குவான். ஏனெனில் குளிர்ந்த தரை அவன் உடம்பின் உஷ்ணத்தை உறிஞ்சிக்கொண்டேயிருக்கும். ஒரு போர்வைதான் இருக்கிறதென்றால், கீழே வைக்கோலோ, சாக்கோ, பழைய பத்திரிகைத் தாளோ தாராளமாக விரித்துக்கொள்ள வேண்டும். பலகைக் கட்டில் கிடைத்தால் மிகவும் நன்று. மூன்றாவது கதவும் ஜன்னலும். கதவின் அடியிலுள்ள சந்தைத் துணிச் சுருளால் அடைப்பதும், பொழுது சாய்வதற்கு முன்பே ஜன்னற் படுதாவை இறக்கிவிடுவதும், பகலில் வெயில் விழும் பக்கத்தைத் திறந்துவைத்து அறையைக் காயவிடுவதும் காசு பிடிக்காத காரியங்கள். ஆனால் அடுப்பேனும் விளக்கேனும் எரிந்துகொண்டிருக்கும் வரையில், புகை போகவும் காற்று வரவும் வழி திறந்தேயிருக்க வேண்டும். நெருப்பு முற்றும் அவிந்த பின்னரே சந்துகளை அடைக்கலாம்; அப்போதும் மேலே சிறிது காற்று வழி விடவேண்டும்.

நான்காவது உடை. கனத்த சட்டை ஒன்றைவிட மெல்லிய சட்டைகள் இரண்டு மேலானவை. அவற்றின் இடையே நிற்கும் காற்று குளிரைத் தடுக்கிறது. தலைக்குக் குல்லாயும் காலுக்கு உறையும் அவசியம். மழையிலோ பனியிலோ நனைந்த உடையுடன் வீட்டில் இருக்கலாகாது. ஈரத் துணி, உலர்ந்த துணியைவிடப் பன்மடங்கு விரைவாக உஷ்ணத்தை இழக்கச் செய்யும். ஐந்தாவது, சமையல் முடிந்த அடுப்பின் மிச்சச் சூட்டில் நீரைக் காயவைத்து, இறுக மூடிய புட்டியில் ஊற்றி, துணி சுற்றிப் படுக்கையில் வைத்துக்கொள்ளலாம். தணற் சட்டியின் ஆபத்து இதில் இல்லை. வைக்கோல் நிரப்பிய பெட்டிக்குள் கொதிக்கும் பானையை இறக்கி மூடிவைத்தால், சோறு விறகின்றியே வெந்துவிடும். பச்சைச் சிசுவைத் தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்துவது, எந்த யந்திரமும் தர முடியாத சூட்டைத் தரும். சிசுவின் முகத்தை மட்டும் மூடலாகாது.

இங்கு மதுவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மலைக் குளிருக்கு ஒரு மிடறு சாராயம் அவசியமென்பது வெகு நாளைய பொய். மது உள்ளே சென்றவுடன் தோலின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன; உள்ளிருக்கும் உஷ்ணம் மேலே வந்து வெளியேறுகிறது. குடித்தவன் சூடேறுவதாக எண்ணுகிற அந்த நேரத்தில்தான் அவன் தேகம் உண்மையாகக் குளிர்ந்துகொண்டிருக்கிறது. நடுங்கித் தன்னைக் காத்துக்கொள்ளும் சக்தியையும் அது இழக்கிறது. ஒரு வாரம் மதுக்கடையில் செலவாகும் பணத்தைச் சேர்த்துவைத்தால் வீட்டுக்கு ஒரு கம்பளி கிடைத்துவிடும். இதை உபதேசமாகக் கூறவில்லை, கணக்காகவே கூறுகிறோம்.

செய்தித் தாளை விரிப்பதும் போர்ப்பதும் பரிகாசத்துக்குரிய யோசனையென்று எவரும் நினைக்க வேண்டாம். 1947-ஆம் ஆண்டில், தேசப் பிரிவினையால் வீடிழந்து டில்லியில் வந்து குவிந்த அகதிகள் கூடாரங்களில் குளிர் காலத்தை எதிர்நோக்கியிருந்தபோது, மகாத்மா காந்தி கம்பளிகளும் பஞ்சுப் போர்வைகளும் வேண்டுமென்று பொதுஜனங்களுக்கு விண்ணப்பம் செய்தார். போர்வையின் மீது பழைய பத்திரிகைத் தாள்களைப் பரப்பினால் இரவுப் பனி உள்ளே இறங்காது என்னும் யோசனையையும் அவர் அப்போது கூறினார். ஒரு தேசத்தின் விடுதலையை நடத்திவைத்த மனிதர், ஓர் ஏழையின் போர்வை நனையாமலிருக்கும் வழியையும் யோசித்தார் என்பதை நம் மந்திரிகளும் உத்தியோகஸ்தர்களும் நினைவில் வைத்துக்கொள்ளுதல் நலம்.

நீலகிரியின் பூர்வகுடிகளுக்கும் இந்த உண்மை தெரிந்திருந்தது. தோடர்களின் பழைய குடில், கவிழ்த்த பீப்பாயைப் பாதியாகப் பிளந்தாற்போல் வளைந்த கூரையுடையது, மூங்கிலும் பிரம்பும் புல்லும் கொண்டு கனமாக வேயப்பட்டது, ஜன்னல் இல்லாதது, குனிந்து தவழ்ந்தே நுழையக்கூடிய சிறு வாசலுடையது. காற்றுக்குத் தடை, உஷ்ணத்துக்குக் காப்பு ஆகிய இரண்டையும் மனத்திற்கொண்டு எழுப்பிய வீடு அது. புகை வெளியேற வழி குறைவு என்னும் குற்றம் அதில் உண்டு. அதை நாம் மறைக்கவில்லை. இன்று தோடர்களிற் பெரும்பாலோர் ஓட்டு வீடுகளிலும் காரை வீடுகளிலும் வசிக்கின்றனர். பழைய குடிலுக்குத் திரும்புக என்று நாம் சொல்லவில்லை. அதைக் கட்டியவர்களின் அறிவில் ஒரு பங்காவது, புது வீடு கட்டும் எஞ்சினீயர்களுக்கு இருக்கட்டும் என்றுதான் சொல்லுகிறோம். காஷ்மீரத்தில் காங்ரி என்னும் தணற் சட்டியை நீண்ட அங்கிக்குள் வைத்துக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. அச்சூடு நாளெல்லாம் ஒரே இடத்திற் படுவதால் தோலிற் புற்றுநோய் உண்டாவதை 19-ஆம் நூற்றாண்டிலேயே வைத்தியர்கள் கண்டறிந்தனர். எனவே பழையது என்பதற்காக எதையும் கொள்ளவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். ஆராய்ந்து கொள்வதே முறை.

ஆனால் மேற்சொன்னவற்றையெல்லாம் ஏழையின் தலையிலேயே சுமத்திவிட்டு நாம் ஓய்ந்திருக்க முடியாது. சாக்கையும் வைக்கோலையும் அவன் தேடிக்கொள்வான். கூரையை அவன் மாற்ற முடியாது. லயன் வீடு அவனுடையதன்று. இங்கே சரித்திரத்தையும் சற்று நோக்க வேண்டும். 1820-களில் ஜான் ஸல்லிவன் துரை உதகையிற் கல் பங்களாவைக் கட்டியது முதற்கொண்டு, மலைமேல் வந்து குடியேறிய வெள்ளையர்கள் தங்கள் இல்லங்களுக்கு வேண்டியவற்றைச் செவ்வையாக அறிந்திருந்தனர். அறைதோறும் கணப்பு மாடமும் புகைபோக்கியும் அமைத்தனர்; தரைக்குப் பலகை பாவினர்; கூரைக்குக் கீழே மச்சு அமைத்தனர். அதே துரைமார் தங்கள் தோட்டத் தொழிலாளிகளுக்குக் கட்டிக் கொடுத்ததோ, நீண்ட கொட்டகையைச் சுவர்களாற் பிரித்த ஒற்றை அறைகள். ஒரே மலை, ஒரே குளிர், ஒரே பனி. ஆயினும் ஒரு தேகத்துக்குப் புகைபோக்கி, மற்றொரு தேகத்துக்குத் தகரம். துரைமார் கப்பலேறிச் சென்று எத்தனையோ வருஷங்களாகிவிட்டன. பல லயன்களில் தகரம் மட்டும் போகவில்லை.

1964-ஆம் ஆண்டில் நமது பிரதம மந்திரி லால் பகதூர் சாஸ்திரிக்கும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயகாவுக்கும் ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி, இலங்கை மலைத் தோட்டங்களில் உழைத்துவந்த தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று முடிவாயிற்று. அவ்வாறு திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கும் பொருட்டு 1968-ஆம் ஆண்டு முதல் நீலகிரியில் அரசினர் தேயிலைத் தோட்டங்கள் உண்டாக்கப்பட்டன. நுவரெலியாவின் குளிரிலிருந்து புறப்பட்டவர்கள் கோத்தகிரியின் குளிருக்கு வந்து சேர்ந்தனர். உலகத்தார் குளிர்காலக் காலையில் கையைச் சூடேற்றிக்கொள்ளும் தேநீர்க் கோப்பைக்குப் பின்னால் இவர்களுடைய கைகள் இருக்கின்றன. அக்கைகள் மட்டும் விறைத்துப்போகலாம் என்பது எந்த நியாயத்தைச் சேர்ந்தது?

சட்டம் இவ்விஷயத்தில் மௌனமாக இருக்கவில்லை. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கும் அவன் குடும்பத்துக்கும் வீடு அளிப்பதைத் தோட்ட முதலாளியின் கடமையாக்கிற்று. அதன் 17-ஆவது பிரிவு, மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் தொழிலாளர்களைக் காக்கக் குடை, கம்பளி, மழை அங்கி முதலியவற்றை முதலாளிகள் அளிக்க வேண்டுமென்று விதிகள் செய்யும் அதிகாரத்தை மாகாண அரசினருக்குக் கொடுத்தது. குடியரசு தோன்றிய மறு வருஷத்திலேயே, கம்பளி என்ற சொல்லைச் சட்டப் புத்தகத்தில் ஏற்றிய பார்லிமெண்டை நாம் போற்றுகிறோம். அச்சட்டத்தைத் தன்னுள் அடக்கிக்கொள்ளும்படி 2020-ஆம் ஆண்டில் புதிய தொழிற் பாதுகாப்புத் தொகுப்பு ஒன்று நிறைவேற்றப்பட்டது. சட்டங்களைச் சுருக்கித் தொகுப்பதில் நமக்கு ஆக்ஷேபமில்லை. சுருங்கும்போது ஏழையின் கம்பளியும் சேர்ந்து சுருங்கிவிடலாகாது என்பதே நமது கவலை. விதிகளை வகுக்கும் அதிகாரிகள் இந்தப் பழைய வாசகத்தைப் பெயர்த்து எழுதிவைத்துக்கொண்டு வேலை செய்வார்களென்று நம்புகிறோம்.

கம்பளி என்றதும் சுதேசிப் பொருளின் ஞாபகம் வருகிறது. நீலகிரி ஆடு என்றொரு ஜாதி நம் மலையிலேயே உண்டு. 19-ஆம் நூற்றாண்டில், கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆட்டையும் மெரினோ முதலிய வெளிநாட்டு ஆடுகளையும் இணைத்து உண்டான அந்த ஜாதி, நயமான ரோமம் தருவது. உதகைக்கு அருகே சாண்டிநல்லாவில் உள்ள அரசினர் ஆராய்ச்சி நிலையத்தில் அதைப் பேணி வருகின்றனர். வெளியிலோ அதன் தொகை மிகவும் குறுகிவிட்டது. கையால் நூற்றுக் கம்பளி நெய்த குரும்பர்களின் தறிகளும் அருகி வருகின்றன. இன்று ஏழைக்குக் கிடைக்கும் மலிவான கம்பளியோ பெரும்பாலும் வடக்கே பானிபட்டிலிருந்து வருவது. மேல்நாட்டார் உடுத்துக் கழித்த உடைகளைக் கிழித்து, மறுபடி நூலாக்கி நெய்வது அவ்வூர்த் தொழில். கழிவைப் பொருளாக்கும் அத்தொழிலாளிகளின் திறமையை நாம் குறைவாகப் பேசவில்லை. ஆயினும் ஆடும் புல்லும் தறியும் உடைய நம் மலைகள், அயலார் கழித்த கந்தையின் நூலுக்குக் காத்திருக்கும் நிலைமை வெட்கத்துக்குரியது. ரோமத்தை நியாய விலைக்கு வாங்கி, கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் நெய்வித்து, தோட்டங்களுக்கும் அரசினர் விடுதிகளுக்கும் அந்தக் கம்பளிகளையே வாங்கினால், இரண்டு கஷ்டங்கள் ஒரே காலத்தில் நீங்கும்.

இனி, செய்ய வேண்டியவை இவை என்று நாம் கருதுகிறோம். மலைப் பிரதேசங்களில் சர்க்கார் பணத்தாற் கட்டப்படும் வீடுகளுக்குச் சமவெளியின் வரைபடத்தையே அனுப்புவதை நிறுத்த வேண்டும். கூரைக்குக் கீழே மச்சும், அடுப்புக்குப் புகைபோக்கியும், ஈரம் ஏறாத தரையும் இல்லாத வீட்டை மலை வீடென்று அங்கீகரிக்கலாகாது. பழைய லயன்களின் தகரக் கூரைக்கு உட்கூரை அமைக்கும் வேலையை, அரசினர் தம்முடைய சொந்தத் தோட்டங்களிலிருந்து தொடங்கி, தனியார் முதலாளிகளுக்கு வழிகாட்ட வேண்டும். கம்பளி வழங்குவது ஐப்பசியிலேயே முடிந்திருக்க வேண்டும். தை பிறந்த பிறகு விழாக் கூட்டிப் படம் பிடித்துக்கொண்டு கொடுக்கும் கம்பளி, பாதிக் குளிர் காலத்தை வீணாக்கிய கம்பளியாகும். மூடிய அறையிற் கணப்பு வைப்பதன் அபாயத்தை ஒவ்வொரு விடுதியிலும், பள்ளியிலும், தோட்டத்துப் பிரட்டுக் களத்திலும் தமிழிற் பெரிய எழுத்தில் எழுதி ஒட்ட வேண்டும். செவிலியர் வீடு வீடாகச் செல்லும்போது கார்த்திகை மாதத்திலேயே இதை நேரிற் சொல்ல வேண்டும். இவற்றில் எதற்கும் பெரிய நிபுணர் கமிட்டி வேண்டியதில்லை. அதிகப் பணமும் வேண்டியதில்லை.

பணமில்லை என்னும் பதில் வருமாயின், அதற்கும் கணக்குண்டு. கூரையை ஒரு முறை செப்பனிட்டால் அது பல வருஷங்களுக்கு உதவும். செப்பனிடாவிட்டால், வருஷந்தோறும் விறகுக்காகக் காடு அழிகிறது. மார்பு நோய்க்காக ஆஸ்பத்திரி நிரம்புகிறது. வேலைக்கு வர இயலாத நாட்கள் பெருகித் தோட்டத்தின் விளைவும் குறைகிறது. குளிர்ந்த வீடு மலிவான வீடன்று. அதற்குரிய விலையைப் பலர் பல இடங்களிற் தவணை தவணையாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

உதகைப் பூங்காவில் மலர்ச் செடியை மூடும் ஊழியர், வேலை முடிந்து இருட்டிய பின் தம் வீட்டுக்குத் திரும்புகிறார். அவர் மூடிய செடி விடியும்வரை பிழைத்திருக்கும் என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரியும். தம் வீட்டிற் படுத்திருக்கும் வயோதிகத் தாயைப் பற்றியும், கைக்குழந்தையைப் பற்றியும் அதே நிச்சயம் அவருக்கு இருக்க வேண்டும். அதை உண்டாக்கிக் கொடுப்பது முதலாளிகளுக்கும் சர்க்காருக்கும் உரிய கடமை. அக்கடமை நிறைவேறும் வரையில், மலைநாட்டுச் சகோதர சகோதரிகளுக்கு நாம் கைகூப்பிக் கேட்டுக்கொள்வது ஒன்று: கணப்புச் சட்டியை உறங்கும் அறைக்கு வெளியே வைத்துவிட்டுக் கதவைச் சாத்துங்கள்.